பழைய நூலின் மேல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். போன ஐப்பசியில், புவனகிரியில், மாமாவின் வாடகைப் பாத்திரக் கடைக்குப் பின்னால் இது எனக்கு நடந்தது. ராத்திரிகூட இல்லை. மழை பெய்த ஒரு பகல்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்கு அங்கேதான் வேலை. பூஜைக்குப் போகும் செம்புக் கலசங்களுக்கு நூல் சுற்றுவேன். கலசம்தான் உடம்பு, நூல்தான் நரம்பு என்பார் அய்யர். பூஜை முடிந்து வந்ததும் பழைய நூலை அறுத்து, புளி போட்டுத் தேய்த்து, கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகுதான் புது நூல்.

அன்றைக்கு என் அக்கா காயத்ரிக்கு வளைகாப்பு. இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. ஏழாம் மாதம். பூஜை முடிந்ததும் கலசத் தண்ணீரை அவள் தலையில் ஊற்றுவார்கள். மற்ற கலசங்களெல்லாம் சிதம்பரத்தில் ஒரு கும்பாபிஷேகத்துக்குப் போயிருந்தன. மூலையில் ஒன்றுதான் மிச்சம். பழைய நூலோடு.

"நூல் அறுக்கலையே மாமா."

"அது மேலயே சுத்து. அய்யர் வந்து உக்காந்துட்டாரு. யாரு உரிச்சுப் பாக்கப் போறா?" என்றார் பொன்னுரங்கம் மாமா. "பள்ளிக்கூடத்துல வாயே தொறக்க மாட்ட. இங்க மட்டும் கேள்வி."

சுற்ற ஆரம்பித்தேன். செம்பு சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் வெதுவெதுப்பானது. என் கைச்சூடு என்று நினைத்தேன்.

அப்புறம் உள்ளே ஏதோ... அசைந்தது.

கவிழ்த்துப் பார்த்தேன். காலி.

மறுபடியும் சுற்றினேன். மறுபடியும் உள்ளங்கையில் ஒரு உதை. சத்தமே இல்லை. அக்கா வயிற்றில் கை வைத்தால் தெரியுமே, அதே மாதிரி.

பயம் வரவில்லை. கை மரத்துப்போயிருந்தது. அது பாட்டுக்குச் சுற்றியது.

முடிச்சுப் போட்டேன்.

அசைவு நின்றது.

"ஆச்சா?"

"மாமா, இதுல..."

"என்ன?"

கலசத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வளைகாப்பில் அக்கா தலையில் ஊற்றினார்கள். குழாய்த் தண்ணீர். அதில் மழை வேறு சொட்டியிருந்தது.

"ஏன்மா இவ்ளோ சூடா ஊத்துறீங்க?" என்றாள் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, பாத்திர வண்டி ஓட்டும் ராபர்ட் அண்ணனிடம் கேட்டேன். அந்தக் கலசம் அதற்கு முன்னால் எங்கே போயிருந்தது?

"மேல்பட்டாம்பாக்கத்துல ஒரு காரியத்துக்குப் போச்சு, பாப்பா. செத்தது சின்னப் பொண்ணு. நெறமாசம். வயித்துப் புள்ளைய எடுக்காமலே பொதைச்சிட்டாங்களாம்."

வீட்டில் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கடலூரில் ஸ்கேன். டாக்டரம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெட்டைன்னு யாரும் சொல்லலையா?"

"போன மாசம் நீங்கதானே ஒண்ணுன்னு சொன்னீங்க," என்றாள் அம்மா.

அவர் கருவியை நகர்த்தினார். திரும்ப நகர்த்தினார்.

"ஒண்ணுக்கு ஏழு மாசம். சரியா இருக்கு. இன்னொண்ணு... நெறமாசமாத் தெரியுதே."

அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"ரெண்டுக்கும் நீயே பேரு யோசிடி."