குன்று மறைத்த ஒயர்லெஸ்

எண்பதுகளின் தொடக்கம். புத்தலப்பட்டில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த நான், மேஸ்திரியோடு சண்டை போட்டுவிட்டு, பாகாலா வழியாக ரேணிகுண்டாவுக்கு நடந்துகொண்டிருந்தேன். வெயில் ஏறியதும் ரோட்டை விட்டு, பாறைக்குன்றுக்குப் பின்னால் போகும் குறுக்குப் பாதையில் இறங்கினேன்.

புதருக்குள்ளிருந்து ஒரு துப்பாக்கி நீண்டது.

"ஆகு! நில்லு அங்கியே. மூட்டைய கீழ போடு. ஓடினே, சுட்டுடுவேன்."

ரிசர்வ் போலீஸ்காரர். என் வயதுதான் இருக்கும். என் மூட்டையிலிருந்து கரும்பு வெட்டும் கத்தியின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கினேன்.

விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பக்கக் குன்றுகளில் கொள்ளைக்காரர்கள் பதுங்கியிருந்தார்கள். அவர்களை வளைக்கப் புதிதாக வந்திருந்த சில ஒயர்லெஸ் செட்டுகளை வைத்து அன்று ஒத்திகை. திருடன் வேஷத்தில் ஒரு போலீஸ்காரர் வரவேண்டிய வழியில் நான் வந்துவிட்டேன். செட்டையே நம்பிப் பழகட்டும், விசிலடிக்கவே கூடாது என்று உத்தரவு போட்டு, எல்லோருடைய விசிலையும் அதிகாரி காலையிலேயே பிடுங்கி வைத்துவிட்டாராம்.

"சார், கத்தியோட ஒர்த்தன் மாட்டிக்கினான். இன்னா பண்றது?" என்று என்னைப் பிடித்தவர் செட்டில் கேட்டார். இரைச்சல்தான் வந்தது. மறுபடியும் கேட்டார். மறுபடியும் இரைச்சல்.

"நான் கூலிக்காரன் சார்."

"திருடன்னு சொல்லிக்கினா எவனாச்சும் வருவான்? பேசாத நில்லு."

கைகள் மரத்துப்போயின. கண்ணோரம் ஓர் ஈ உட்கார்ந்தது; விரட்டத் துணியவில்லை. அவர் விரல் விசையை விட்டு எடுப்பதும் மறுபடி வைப்பதுமாக இருந்தது. அவர் கோபமாக இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

கடைசியில் செட்டைத் தரையில் வைத்தார். "இன்னையோட என் வேல போச்சு" என்று முணுமுணுத்து, துப்பாக்கியைத் தாழ்த்தி, இரண்டு விரலை வாயில் வைத்து, ஆடு ஓட்டுகிறவர்களைப் போல விசிலடித்தார்.

அதிகாரி மூச்சிரைக்க ஓடிவந்தார். கரும்புத் தோகை கிழித்திருந்த என் கைகளைப் பார்த்ததும் கூலிக்காரன்தான் என்று நம்பிவிட்டார்.

"செட்டு ஏன் பேசல?"

"குன்னு குறுக்க நிக்குது சார். விசில் இருந்திருந்தா இவன் இந்நேரம் பாகாலா தாண்டியிருப்பான்."

அதிகாரி குன்றை அண்ணாந்து பார்த்தார். "இன்னும் நெறைய செட்டு வரப்போவுது. எங்கெங்க கேக்காதுன்னு முன்னாடியே பாத்துடணும்" என்றவர், என் பக்கம் திரும்பினார். "செட்டுக்குப் பேட்டரி தூக்குவியா? கூலி தர்றேன்."

மறுநாள் காலை, பேட்டரியைத் தலையில் சுமந்துகொண்டு அதே போலீஸ்காரர் பின்னால் அடுத்த குன்றில் ஏறினேன். உத்தரவைவிட எதிரே நிற்பவன் உயிர் பெரிது என்று ஒருவர் நினைத்ததால்தான் அந்தக் கூலிக்குப் போக நான் உயிரோடு இருந்தேன் என்பதை இன்றுவரை மறக்கவில்லை.