சாமைக்குப் பக்கத்தில் காய்ந்த புத்தகங்கள்

என் நாட்குறிப்பில் நவம்பர் முதல் சனிக்கிழமைக்குக் கீழே இருப்பது இவ்வளவுதான்: "காலை முழுக்கப் பனிமூட்டம். பதினொரு மணிக்கு வெயில். புத்தகங்கள் பாறைக்குப் போயின. கோழி." நாள், கிழமை, வானிலை எதையும் விடாமல் எழுதுகிறவள் நான். அன்றைக்கு ஏனோ அதற்கு மேல் கை ஓடவில்லை. விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

மழைக்காலத்தில் ஜவ்வாது மலையில் புத்தகங்களுக்கும் குளிரெடுக்கும். அட்டை ஊறி, அலமாரியைத் திறந்தால் காளான் வாசனை வரும். வெயில் எட்டிப் பார்க்கிற சனிக்கிழமைகளில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தட்டைப் பாறையில் பழைய புடவையை விரித்து எல்லாவற்றையும் திறந்து வைப்போம். தோசையைத் திருப்புவதுபோல் பக்கங்களைத் திருப்பிவிடுவது என் இரண்டு பெண்களின் வேலை. பாறையின் மறுபாதியில் பக்கத்து நிலத்து அக்கா சாமை காயப் போடுவார்.

"இன்னா டீச்சரம்மா, இந்த வருசம் புக்கு நல்ல வெளைச்சலா?" என்றார் அன்றைக்கு. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருவதால் அவர் எனக்கு வைத்த பெயர் அது.

"வெளைச்சலுக்குக் கொறையில்லக்கா. துன்றதுக்குத்தான் ஆள் இல்ல."

நான் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சின்னவளுக்கு ஒன்பது வயது. எழுத்துத் தெரியும், ஆனால் தானாக ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்ததே இல்லை. நான் வாசித்தால் மடியில் தலை வைத்து இருட்டும்வரை கேட்பாள். கையில் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். "நீங்களே படிங்கம்மா. நீங்க படிச்சாத்தான் அதுல ஆளுங்க நடக்குறாங்க."

என் கணவருக்குக் காவலூர் வானாய்வகத்தில் இரவுப் பணி. வெள்ளிக்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது, "செங்கத்துல ஹாஸ்டலோட ஸ்கூல் இருக்கு. வர்ற ஜூன்ல அவள அங்க சேர்த்துடலாம். எடம் வேணும்னா திங்கக்கிழமை சொல்லிடணும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் கவலையோடு சொன்னார். இரவு ஜெபத்தில் அவள் பெயரை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

சனிக்கிழமை மதியம் அக்கா சாப்பிடப் போனார். "பாப்பா, கோழி வந்தா ஓட்டு. போய்ட்டு வந்துட்றேன்" என்று சின்னவளிடம் சொல்லிவிட்டுப் போனார். பெரியவள் என்னோடு அடுப்படியில் இருந்தாள். ஜன்னல் வழியே பார்த்தேன். பள்ளத்தாக்கில் மிச்சமிருந்த மூட்டம் பாறையின் விளிம்புவரை வந்து நின்றிருந்தது. காற்றில் பக்கங்கள் எழுந்து எழுந்து அமர்ந்தன. பாறை மெல்ல நகர்ந்து எங்கோ மிதந்து போவதுபோல் இருந்தது. அதன் நடுவில் ஒரு சின்ன முதுகு அசையாமல் குனிந்திருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

அப்போதுதான் அக்காவின் சத்தம் கேட்டது. ஓடினோம். கோழிகள் சாமையின் நடுவில் நின்று சாவகாசமாகக் கொத்திக்கொண்டிருந்தன.

"பாரு உன் பொண்ண! கூப்புட்டுனே கீறேன், காதுலயே வுழல. ஒதடு மட்டும் ஆடுது. அந்தப் புக்குல இன்னா கீது, சோறா?"

"உதடு ஆடிச்சா?"

"நான் சாமையச் சொல்றேன், நீ ஒதட்டக் கேக்குற!"

"படிக்கும்போது ஆடுற மாதிரியா அக்கா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தாயும் சரியில்ல, மவளும் சரியில்ல" என்று சொல்லிவிட்டுக் கோழிகளை விரட்டப் போனார். நான் மகளைத் திட்டியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பி, "உதடு ஆடிச்சாம்" என்றேன். "யாருக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஞாயிறு மாலை ஜெபம் முடிந்ததும் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் அந்த வாரம் படித்ததில் ஒன்றை மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்து ஜன்னல் திட்டில் வைக்க வேண்டும். சின்னவள் எப்போதும் "அம்மா வெச்சதுதான் எனக்கும்" என்று நழுவிவிடுவாள். அன்றைக்கு அவள் எழுந்து போய், வெயிலில் அட்டை வளைந்த ஒரு புத்தகத்தை எடுத்துவந்து வைத்தாள். கலங்கரை விளக்கத்துக்குக் குடிபோகும் ஒரு குடும்பத்தின் கதை.

"நெஜமா படிச்சியா, சும்மா படம் பார்த்தியா?" என்றாள் பெரியவள்.

"அதுல படமே இல்லக்கா."

"அப்ப எப்படி இருந்துச்சுன்னு சொல்லு."

சின்னவள் யோசித்தாள். "அவங்க மாட்டு வண்டியில போய்ட்டே இருக்காங்க. கடல் வரும்னு அந்த அப்பா சொல்றாரு. வர்றதுக்குள்ள கோழி வந்துடுச்சு."

என் கணவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்து, வளைந்த அட்டையை உள்ளங்கையால் நீவிவிட்டுத் திரும்ப வைத்தார். "சரி, கடல் வரட்டும். அப்புறம் பேசிக்கலாம்" என்றார், என்னைப் பார்த்து. திங்கட்கிழமை செங்கத்துக்கு யாரும் போன் செய்யவில்லை.

வீட்டில் பாடம் சொல்லித் தரும் தோழிகள் எந்தப் புத்தகம் கொடுக்கலாம் என்று கேட்டால், இப்போது அந்தக் கதையையும் சேர்த்துச் சொல்கிறேன். முடிந்தால் வெயிலில் வைத்துக் கொடுங்கள் என்பேன்.

ஒன்று மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. மாட்டு வண்டி வருவது அந்தக் கதையின் முதல் அத்தியாயத்தில். அவள் சிறு குழந்தையாக என் மடியில் கிடந்த நாட்களில் அதை நானே வாசித்துக் காட்டியிருக்கக்கூடும். பழைய நாட்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன். அதைப் பற்றிக் குறிப்பு இல்லை. பாறையில் அவள் படித்தாளா, என் குரலை நினைத்துக்கொண்டிருந்தாளா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் நான் கேட்கவும் இல்லை.