சாமத்திய வீட்டுப் படம்

என் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு செய்து மூன்று வருடங்கள் ஆகின்றன. அன்று எடுத்த படம் வேலணையில் எங்கள் வீட்டு விறாந்தையில், வாசலுக்கு நேரே, கதவளவுக்குத் தொங்குகிறது. மாட்டியவள் நான். "கொஞ்சம் வெள்ளையா வரப் பாருங்கோ தம்பி, வெளிநாட்டில எல்லாரும் பாக்கிறது" என்று படம் எடுத்தவரிடம் சொன்னவளும் நான்தான். அவர் கணினியில் என் பிள்ளையின் நிறத்தைக் கழுவித் துடைத்துவிட்டார். சொந்தக்காரர் எல்லாரும் போனில் புகழ்ந்தார்கள். எனக்கு வாயெல்லாம் பல்.

போன ஆவணியில் நோர்வேயிலிருந்து அக்கா குடும்பம் வந்தது. அக்காவின் மகளுக்கும் என் மகளுக்கும் ஒரே வயது, ஒரே நிறம். செருப்பைக் கழற்றியபடியே அவள் படத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"சித்தி, இது ஆர்?"

கள்ளமில்லாமல்தான் கேட்டாள். தேசிக்காய்த் தண்ணீர் கொண்டுவந்த என் மகள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் மண்கும்பான் கடற்கரைக்குப் போனோம். அக்காவின் மகள் இன்னும் கறுக்க வேண்டுமென்று வெயிலில் மல்லாந்து கிடந்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்தில் அதுதான் அழகாம். என் மகள் குடையை விட்டு அசையவில்லை.

"உன்ர நிறத்துக்கு அங்க எல்லாரும் ஆசைப்படுவினம்" என்றாள் அவள்.

தன்னைப் பகிடி பண்ணுகிறாள் என்று நினைத்து என் மகள் அழுதாள். சொன்னவள் மட்டும் நிம்மதியாகவா இருந்தாள்? வயிறு தெரிகிறதென்று போனில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது மகளுக்கு அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும். அட்டை இல்லாமல் சோதனை எழுதப் போவது பெரும்பாடு. அந்தப் படத்தில் ஒன்றும் திருத்த ஏலாது, முகம் இருக்கிறபடியேதான் இருக்க வேண்டும். மூன்று தரம் வெளிக்கிட்டு, மூன்று தரமும் பஸ் தரிப்பிலிருந்து திரும்பிவிட்டாள். இன்று காலை கெஞ்சினேன்.

"உனக்கென்ன குறை பிள்ளை? நீ வடிவுதானே."

"வடிவெண்டா ஏனம்மா மாத்தச் சொன்னனீங்கள்?"

பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்கள் ஒழுங்கையைத் தாண்டிப் போய்விட்டது. இந்தச் சனியனை முதலில் இறக்குவோம் என்று படத்தடியில் கதிரையைப் போட்டு ஏறினேன். அவள் ஓடிவந்து என் சீலையைப் பிடித்தாள்.

"கழட்டாதேங்கோ அம்மா. நான் வடிவா இருக்கிறது அதில மட்டுந்தான்."