சுவருக்கு ஒரு விரல் முன்னால்

எல்லோரும் அவனை நீட்டுக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். இடது கையை நீட்டிவிட்டால் எதிராளி கிட்டவே வர முடியாது. அந்த ஒரு கையை வைத்தே குத்துச்சண்டையில் மூன்று முறை சாம்பியன் ஆனவன். அதே கையால்தான், கடைத்தெருவில் நடந்த ஒரு வாய்த்தகராறில், ஒருவனின் தாடையை உடைத்தான். நான்கு வருடம் சிறை. உள்ளே போன அன்றைக்கு அவன் பட்டப்பெயரைக் கேட்ட பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர், "கை நீளமா? அப்ப திருட்டுக் கேஸா?" என்றாராம். வெளியே வந்த பிறகும் அதைச் சொல்லிச் சிரிப்பான்.

வந்ததும் முதலில் மச்சானின் பயிற்சிக்கூடத்துக்குப் போனான். மனைவியின் அண்ணன்தான் அவனுக்குப் பயிற்சியாளர். தகரக் கூரை, நடுவில் கயிறு கட்டிய மேடை, மூலையில் ஒட்டுப் போட்ட மணல் பை. எல்லாம் அப்படியே இருந்தன. குத்துச்சண்டைச் சங்கப் பதிவில்தான் அவன் பெயர் இல்லை. திரும்பச் சேர வேண்டுமானால் சங்கத்தார் முன்னால் மூன்று ரவுண்டு ஆடிக் காட்ட வேண்டும். அதுவும் ஒரே ஒரு தடவைதான். முப்பத்து மூன்று வயதில் இதைத் தவறவிட்டால் இனி மேடை கிடையாது.

ரொட்டிக்கடையில் வேலை செய்யும் ஒருவனோடு முதல் பயிற்சி ஆட்டம். இரண்டு நிமிடம் போனதும் ரொட்டிக்கடைக்காரன் கையைக் கீழே போட்டான்.

"அண்ணே, காத்து வருது. அடி வரலையே."

மூச்சு பழையபடி இருந்தது. கால் முன்பைவிட நன்றாகவே நகர்ந்தது. குத்து மட்டும் போய்ச் சேரவில்லை. மணல் பையைக் குத்தினால் பை அசையக்கூட இல்லை. பலம் குறைந்துவிட்டது என்று மச்சான் முடிவு கட்டி, எடை தூக்க வைத்தார். தோள் பெருத்தது, பை அசையவில்லை. குற்ற உணர்ச்சி கையைப் பிடித்து இழுக்கிறது என்று கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அவனும் அதை நம்பி, தாடை உடைந்தவன் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டான். அந்த ஆள் தாடையைத் தடவிவிட்டு, "சரி, போ," என்றான். நெஞ்சில் கனம் கொஞ்சம் இறங்கியது. கை நின்ற இடத்திலேயே நின்றது.

மனைவி தையல்காரி. வீட்டின் பின் அறைதான் அவளுடைய கடை. துணி வெட்டும் மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கலாம். ஒரு மதியம் அவள் துணி வெட்டிக்கொண்டிருக்க, அவன் அந்தச் சந்தில் நின்று சுவரைப் பார்த்துக் குத்திப் பழகினான். கத்தரியை வைத்துவிட்டு அவள் பார்த்தாள்.

"ஏங்க, கை சுவத்துல படாதா?"

"எப்படிப் படும்? உள்ள நாலு வருஷம் சுவரைப் பாத்துக் குத்தின பழக்கம். பட்டா விரல் போயிடும். சத்தம் கேட்டா வார்டன் வந்துடுவான்."

சொல்லிவிட்டு அவனே தன் கையைத் திரும்பிப் பார்த்தான். அவள் எழுந்து வந்து, அவன் முஷ்டிக்கும் சுவருக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தாள். சரியாக ஒரு விரல்.

"பலம் எங்கயும் போகல. வரும்போது அந்தச் சுவரையும் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

"இப்ப என்ன பண்றது? ஆட்டத்துக்கு மூணு வாரம்தான் இருக்கு."

"தையல்ல ஒரு விரல் துணி போயிடும்னு தெரிஞ்சா நான் தைக்காம இருக்கேனா? ஒரு விரல் கூட விட்டு வெட்டுறேன். நீங்களும் முகத்தைக் குறி வைக்காதீங்க. பிடரியைக் குறி வைங்க, கை முகத்துல வந்து படும்."

பிடரியை எட்ட வேண்டுமானால் இன்னும் நெருங்கி நிற்க வேண்டும். மச்சானுக்கு அது ஒப்பவில்லை.

"நீட்டுக்கைன்னு பேரை வச்சுக்கிட்டு ஒட்டிக்கிட்டு நிக்கப் போறியா மாப்ள? சிரிப்பாங்க."

"இப்ப மட்டும் என்ன, மாலையா போடுறாங்க?"

மச்சான் குத்து வாங்கும் பஞ்சுப் பட்டையைக் கையில் மாட்டினார்.

ஆட்டத்தன்று எதிரே நின்றவன் வேறு கூடத்து இளைஞன். முதல் ரவுண்டில் நீட்டுக்கையைப் பழக்கம் விடவில்லை. எட்ட நின்று நீட்டினான். எல்லாம் காற்றில் போயின. "கை சுருங்கிப்போச்சுப்பா," என்று ஒரு குரல் கேட்டது. ஓய்வில் மச்சான் அவன் முகத்தைத் துடைத்தார்.

"என் பேச்சைத்தான் கேக்க மாட்ட. உன் பொண்டாட்டி பேச்சையாவது கேளேன்."

இரண்டாம் ரவுண்டில் இளைஞன் அவனை மூலைக்குத் தள்ளினான். முதுகில் கயிறு, இரண்டு பக்கமும் கயிறு. அங்கே வந்ததும் நீட்டுக்கையின் மூச்சு சீரானது. எட்டுப் பேர் படுக்கும் சிறை அறையில் யார் மேலும் படாமல் திரும்பிப் படுத்த உடம்பு அது. தோளைச் சற்றுச் சாய்த்தான்; அடிகள் வழுக்கிக்கொண்டு போயின. அரை அடி முன்னால் வந்து, பிடரியை நினைத்து இடது கையை விட்டான். முன்பு அவன் அடித்ததில் பாதி நீளம்கூட இல்லாத குத்து. இளைஞன் இரண்டு எட்டு பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். மூன்றாம் ரவுண்டு முழுக்க அந்த நெருக்கத்தை நீட்டுக்கை விடவேயில்லை.

சங்கத்து மூத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன் ஆட்டமே மாறிடுச்சேப்பா. அந்த நீளக் கை எங்க?"

"இருக்குங்க. இப்ப கிட்ட குடி வந்திருக்கு."

அவர் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் தலையாட்டினார்கள்.

"சரி, பேரைச் சேத்துக்கறோம். அடுத்த மாசம் போட்டிக்கு எடை பாக்க வந்துடு."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டு, அந்தச் சந்தில் போய் நின்றான். சுவருக்கு அந்தப் பக்கம் எதையோ குறியாக நினைத்துக்கொண்டு, மெதுவாகக் கையை விட்டான். சத்தம் கேட்டது. விரல் முட்டிகளில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

மனைவி மிஷினை நிறுத்தவில்லை.

"சுவரு பேந்தா நீங்கதான் பூசணும்," என்றாள்.