அக்கா பெயரில் ஒன்பது எண்கள்

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. ஏழு மணிக்குக் காபி, எட்டுக்கு எஸ்தர் அக்காவுடன் ரேஷன் கடை. டென்மார்க்கிலிருந்து விடுப்பில் வந்து நான்காவது நாள். கைரேகைக் கருவியில் அக்கா கட்டைவிரலை வைத்தாள். ரேகை விழவில்லை. விரலைத் தலைமுடியில் தேய்த்து, எண்ணெய் ஏற்றி, மறுபடி வைத்தாள். மூன்றாம் முறைதான் விழுந்தது. வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் அப்படியே தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சேற்றில் நாற்று நட்டுத் தேய்ந்த ரேகை கருவிக்குத் தெரிவதில்லை. டென்மார்க்கில் ரொட்டித் தொழிற்சாலையில் என்னுடன் வேலை செய்யும் கிர்ஸ்டனிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். "தோல் மருத்துவரிடம் காட்டினார்களா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள்.

மதியம் அக்காவின் போன் ஊமையாகிவிட்டது. உத்திரமேரூர் கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கும் பாபுவிடம் போனோம். புது சிம் போட முயன்றவர் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா யக்கா, டெலிபோன் ஆபீஸ் நடத்திக்கினு கீறியா? ஒரு ஆளுக்கு ஒம்பது சிம்முதான். உன் பேர்ல ஒம்பதும் வாங்கியாச்சி!"

"எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதாம்பா கீது."

கம்பெனிக்குப் பேசியபின் அவர் சிரிக்கவில்லை. அந்த எண்களிலிருந்து மோசடி நடந்ததாகப் புகார் வந்து, ஒன்பதையும் துண்டித்திருக்கிறார்கள்; விசாரணை முடியும்வரை புதியதும் கிடைக்காதாம்.

அக்காவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. போன நடவின்போது வரப்புக்கே ஒருவன் குடையும் மேசையுமாக வந்தானாம். சிம் இலவசம், கூடவே ஒரு பிளாஸ்டிக் குடம். "விழல, இன்னொரு தபா வையின்னான். ரேசன் கடையிலயும் அப்டித்தான சொல்றாங்கோ? வச்சேன்." விழவில்லை என்று அவன் சொன்ன ஒவ்வொரு முறையும் விழுந்திருக்கிறது. நடவுக்கு வந்த மற்ற பெண்களும் வைத்திருக்கிறார்கள்.

போன குளிர்காலத்தில் டென்மார்க்கில் நாங்கள் வசிக்கும் ஓடென்சே நகரத்தில், எங்கள் தமிழ்த் தோழி விமலாவுக்கு இந்திய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. போலீஸ் என்று மிரட்டி, வீடு வாங்கச் சேர்த்ததை முழுக்க வாங்கிக்கொண்டார்கள். அந்த எண் ஒரு பெண்ணின் பெயரில் இருப்பதாகத் தெரிந்ததும், அந்தச் சொந்தக்காரி கை அழுகட்டும் என்று அவள் அழுதாள். நாங்கள் எல்லோரும் ஆமோதித்தோம். அந்தக் கையில் ஒரு குடம் இருந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"போலீசாண்ட போனா என்னையே உள்ள வச்சிடுவாங்க. நீ பிளேன் ஏறிப் பூடுவ. எம்பொண்ணு காலேஜ்ல படிக்கிறா" என்றாள் அக்கா. முதலில் நாம் போனால் நீ ஏமாந்தவள், அவர்கள் தேடி வந்தால் நீ சிம் விற்றவள் என்றேன். நடவுப் பெண்களையும் கூப்பிட்டுப் பார்த்தோம். "நீ மொதல்ல போயி வெளிய வா யக்கா, அப்பால நாங்க வர்றோம்" என்று சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "வூட்டுக்கு வந்து இட்டுனு போனா தெருவே பாக்கும். நானே நடந்து போறேன்" என்றாள்.

ஊரில் உறவுகளை விட்டு வந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் பெயரில் எத்தனை எண்கள் என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். தங்களுடையது அல்லாததை அங்கேயே புகார் செய்யலாம். ஆனால் போன் உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேண்டும், ஓ.டி.பி. என்னும் ரகசிய எண் அதற்குத்தான் வரும். மோசடி என்று தெரிந்தால் அன்றே சைபர் குற்ற உதவி எண்ணுக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். புகார் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

புதன்கிழமை காலை முதல் வேலையாகக் காவல் நிலையம் போனோம். பெண் காவலர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு எழுதினார். "விசாரணைக்குக் கூப்பிடணும். உன் நம்பர் சொல்லும்மா."

அக்கா என்னைப் பார்த்தாள். "பொண்ணு நம்பரு வேணாம்டா. அவளுக்கு இது எதுவும் தெரியவே கூடாது."

நான் என்னுடையதைச் சொன்னேன்.

"இன்னா சார், நாப்பத்தஞ்சுல ஆரம்பிக்குது?"

"டென்மார்க்."

எழுதிக்கொண்டார். இனி உத்திரமேரூர் போலீஸ் அக்காவைத் தேடினால், கடல்களுக்கு அப்பால், மாவு படிந்த என் சட்டைப்பையில் மணி அடிக்கும். எடுத்துப் பேசுவேன். பேசியதை அவளிடம் சொல்ல எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதுதான் தெரியவில்லை.