இரண்டு பேர் ஓட்டிய ஜீப்

என் கணவர் அந்த ஜீப்பை வாங்கி வந்தபோது நான் அவரோடு நான்கு நாள் பேசவில்லை. விதைக்கடை வைத்திருப்பவர் ஒரு மினி லாரி வாங்கினால் அர்த்தம் உண்டு. அவரோ செங்கத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு நிலத்தில் கோழிகள் அடையும் கூண்டாகக் கிடந்த பழைய பெட்ரோல் ஜீப்பை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, வேங்கிக்காலில் நாங்கள் புதிதாகக் கட்டிய வீட்டின் முன்னால் இறக்கினார். ஸ்டீரிங் இடது பக்கம் இருந்தது.

"இன்னா சார், ஃபாரின் வண்டியா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

"நம்ம ஊரு வண்டிதான் சார். அந்தக் காலத்துல இப்படித்தான் வந்துச்சு" என்று அவர் பெருமையாகச் சொன்னது சமையலறையில் இருந்த எனக்குக் கேட்டது.

நான் கலெக்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வாரம் முழுக்கக் கோப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமையாவது கணவர் பக்கத்தில் இருப்பார் என்று எதிர்பார்க்கிறவள். அந்த ஞாயிறுகள் எல்லாம் ஜீப்புக்குப் போயின. கார்புரேட்டரைக் கழற்றி, என் எவர்சில்வர் தாம்பாளத்தில் பெட்ரோல் ஊற்றி அதன் துண்டுகளை ஊறவைப்பார். தாம்பாளத்தை எத்தனை முறை புளி போட்டுத் தேய்த்தாலும் அந்த வாசனை போகவில்லை. முகப்பு விளக்கைச் சுற்றி இருக்கும் ஒரு வளையத்துக்காக வேலூர், சேலம், கோயம்புத்தூர் என்று பழைய இரும்புக் கடைகளில் எட்டு மாதம் அலைந்தார். கிடைத்த அன்று அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து, சாப்பிடக்கூட உட்காராமல் நேராக வண்டியிடம் போனார்.

ஊரில் அவரைப் போல இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒரு வக்கீல், ஒரு அரிசி ஆலைக்காரர், ரமணாசிரமம் பக்கம் வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஒருவர். நான்கு பேரிடமும் பழைய ஜீப்புகள். மற்ற மூவரும் காலத்துக்கு ஏற்ற மாதிரி டீசல் எஞ்சின், பவர் ஸ்டீரிங், டிஸ்க் பிரேக் எல்லாம் போட்டுக்கொண்டார்கள். இவர் ஒரு போல்ட்டைக்கூட மாற்றவில்லை. "வண்டி பொறந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். இல்லனா அது வேற வண்டி" என்பார். வண்டி வேலை பார்க்கும் பாய் அவரைச் சீண்டுவார். "பவர் ஸ்டீரிங் போட்டுக்கோங்க சார், கை வலி கம்மி ஆவும்." இவர் சட்டைக் கையைச் சுருட்டித் தோளைத் தட்டிக் காட்டுவார்.

நான் அந்த வண்டியோடு சமாதானம் ஆனது ஜவ்வாது மலையில். மழைக்காலம். நான்கு ஜீப்புகளும் குடும்பத்தோடு கிளம்பின. மண் பாதை ஒன்று செம்மண் குழம்பாகி, ஒரு பக்கம் பள்ளம் இறங்கிக் கிடந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இறங்கி நடந்தே வருகிறேன் என்றேன். அவர் கியர் பக்கத்தில் இருந்த சின்னத் தண்டை இழுத்துப் போட்டு, "உக்காரு. இப்ப நாலு சக்கரமும் புடிச்சிருக்கு. ஒண்ணு வழுக்குனாலும் மத்தது விடாது" என்றார். வண்டி நடக்கிற வேகத்தில், முனகிக்கொண்டே ஏறியது. மேலே போய் நின்றபோது எல்லோர் முகத்திலும் சேறு. அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் நானே முதல் ஆளாகப் புளிசாதம் கட்டினேன்.

மூன்று வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் வண்டிக்கு அடியில் படுத்து கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். டிபனுக்குக் கூப்பிட்டேன். எழுந்து வந்தவரின் வலது கையிலிருந்து கிரீஸ் துப்பாக்கி நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தார், மறுபடியும் விழுந்தது. வாய் கொஞ்சம் கோணியிருந்த மாதிரி தெரிந்தது. "கை மரத்துப் போச்சு. ரொம்ப நேரம் அண்ணாந்து படுத்துட்டேன்" என்றார். பேச்சு குழறியது. நான் தைலம் தேய்த்துவிட்டு, "கொஞ்சம் படுங்க" என்றேன். படுத்தார். தூங்கட்டும், ஞாயிற்றுக்கிழமைதானே என்று கதவைச் சாத்திவிட்டு மாவு அரைக்கப் போனேன்.

மூன்று மணி நேரம் தூங்கவிட்டேன்.

எழுப்பப் போனபோது கண் திறந்திருந்தது, பேச்சு இல்லை, வலது கையும் காலும் அசையவில்லை. ஆஸ்பத்திரி போய் ஸ்கேன் எடுத்து முடிக்க இன்னும் இரண்டு மணி நேரம் ஆனது. டாக்டர் எப்போது தொடங்கியது என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உடனே வந்திருந்தா மூளையில அடைச்ச ரத்தக் கட்டிய கரைக்க ஊசி போட்டிருக்கலாம்மா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தானோ என்னவோ, அது இன்னும் என்னை விடவில்லை.

விதைக்கடையை மூடினோம். ஆறு மாதத்தில் அவர் கைத்தடி ஊன்றி நடக்க ஆரம்பித்தார். வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும், வலது கை தொங்கும். பேச்சில் ஒரே ஒரு வார்த்தைதான் திரும்பி வந்தது: "சரி." பசிக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். நண்பர்கள் மூவரும் முதலில் வாரா வாரம் வந்தார்கள். பிறகு மாதம் ஒருமுறை. அப்புறம் அவர் போனுக்கு ஞாயிறுதோறும் ஜீப் படங்கள் மட்டும் வந்தன. அவர் இடது கை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார்.

அவர் வண்டியை ஓட்டினால் எல்லாம் திரும்பிவிடும் என்று எனக்கு எப்படித் தோன்றியதென்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அந்த மூன்று மணி நேரத்தை எப்படியாவது ஈடுகட்ட வேண்டும் என்பது மட்டும் இருந்தது. பாயை வீட்டுக்கு வரவழைத்தேன்.

"ஒரு கை, ஒரு காலு. இதுல எப்படிம்மா?" என்றார் பாய். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஸ்டீரிங் லெஃப்ட்ல இருக்கறது நல்லதுதான், நல்ல கைக்குக் கிடைக்கும். கிளட்சும் இடது காலு. ஆனா கியர் சாரோட வலது கைப்பக்கம் வருதே. அத யாரு போடுவாங்க?"

"நான் போடறேன். பக்கத்து சீட்ல உக்காந்து."

"ஆக்சிலேட்டரு?"

எனக்குத் தெரியவில்லை. பாயே டாஷ்போர்டில் இருந்த ஒரு குமிழை இழுத்துக் காட்டினார். அந்தக் கால ஜீப்புகளில் கையால் ஆக்சிலேட்டர் கொடுக்க அப்படி ஒன்று உண்டாம். அதையும் நானே இழுத்துக்கொள்ளலாம். பிரேக் மிதியை அகலப்படுத்தி இடது காலுக்கு எட்டும்படி வெல்டிங் செய்யலாம். ஒற்றைக் கையால் திருப்ப, டிராக்டர்க்காரர்கள் வைக்கிற மாதிரி ஸ்டீரிங்கில் ஒரு பிடி.

"அப்பவும் பவர் ஸ்டீரிங் இல்லாம திருப்ப முடியாதும்மா. சாருக்கு அது புடிக்காதே."

அவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய்க் குனிந்து, "பவர் ஸ்டீரிங் போடட்டுமாங்க? நீங்க ஓட்டலாம்" என்றேன். அவர் நெடுநேரம் வண்டியைப் பார்த்தார். "சரி" என்றார். அது எந்தச் சரி என்று நான் நின்று யோசிக்கவில்லை. சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் போனில் அழுதாள். "உனக்கு இன்னாம்மா ஆச்சு? அப்பாவ உட்டுடும்மா" என்றாள். அதையும் நான் கேட்கவில்லை.

வேலை முடிய இரண்டு மாதம் ஆனது. அலுவலகம் விட்டதும் தினமும் பட்டறைக்குப் போய் நிற்பேன். கியர் போடப் பாயிடம் பழகினேன். முன்னால் போக மூன்று கியர்தான். ஆனால் அந்தப் பழைய பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அவசரப்பட்டால் பல்லைக் கடிக்கும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மனை போட்டு விற்காமல் கிடந்த பெரிய திடல் இருந்தது. முதல் நாள் காலை ஏழு மணிக்கு பாயும் நானுமாக அவரைத் தூக்கி உட்காரவைத்தோம். அவர் இடது கை பிடியில் போய்த் தானாக அமர்ந்தது. கிளட்சை மிதித்தார். நான் முதல் கியரைப் போட்டுக் குமிழை மெல்ல இழுத்தேன். அவர் காலை விட்ட விதத்தில் ஒரு குலுக்கல்கூட இல்லை. வண்டி நகர்ந்தது. பாய் பின்னாலேயே ஓடிவந்து, "சார் மறக்கலம்மா! சார் மறக்கல!" என்று கத்தினார். எஞ்சின் சத்தம் மாறும்போது அவர் கிளட்சை மிதிப்பார், நான் இரண்டாவது போடுவேன். வார்த்தை எதுவும் தேவைப்படவில்லை. கல்யாணம் ஆகி இருபத்தேழு வருடத்தில் நாங்கள் இருவரும் அவ்வளவு ஒத்துப்போனதில்லை. அன்று வீட்டுக்கு வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

நான்கு ஞாயிறு ஓட்டினோம். அவர் எப்போதும் இடது பக்கமே திரும்பி வட்டமடித்தார். வலது பக்கம் இருந்த மனைக்கற்களில் இரண்டைத் தட்டிவிட்டார். கை பழகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது ஞாயிறு, பால் கேனோடு சைக்கிளில் ஒருவர் திடலின் குறுக்கே வந்தார். எங்கள் வலது பக்கத்திலிருந்து. நான் குனிந்து கியர் தண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதையைப் பார்ப்பது அவர் வேலை என்று விட்டிருந்தேன். தகர ஓசை கேட்டு நிமிர்ந்தபோது சைக்கிள் பம்பருக்கு முன்னால் சாய்ந்து கிடந்தது, பால் மண்ணில் ஓடியது. சாவியைத் திருப்பி வண்டியை நிறுத்தினேன். அந்த மனிதர் எழுந்துவிட்டார். முழங்கை சிராய்ந்து ரத்தம் கசிந்தது.

"பட்டப்பகல்ல கண்ணு தெரிலயா? எவ்ளோ நேரமா மணி அடிக்கறேன்!"

நான் இறங்கி ஓடி, கையெடுத்துக் கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் எங்களைப் பார்க்கவில்லை. நேராக, கொஞ்சம் இடது பக்கமாக, காலித் திடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் கிளட்சை மிதித்தபடி இருந்தது. நான் இரண்டாவது கியர் போடுவதற்காகக் காத்திருந்தார்.

மறுநாள் டாக்டர் அவர் முன்னால் விரலை நீட்டி, அங்கும் இங்கும் அசைத்துப் பார்த்தார். "கண்ணு நல்லாதாம்மா இருக்கு. பாக்கறதுல வலது பக்கம் பாதிய மூளை வாங்க மாட்டேங்குது" என்றார்.

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்தே இருந்திருக்கும். பேச்சு இல்லாததால அவரால சொல்ல முடியல. நீங்க கவனிக்கலயா?"

தட்டில் வலது பாதிச் சோறு தினமும் அப்படியே மிஞ்சியதை நான் பசியில்லை என்று நினைத்திருந்தேன். வலது பக்கம் நின்று நான் பேசியபோதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பாமல் இருந்ததைக் கோபம் என்று நினைத்திருந்தேன். இரண்டு வருடமாக அவர் பாதி வயிற்றோடு இருந்திருக்கிறார்.

"இது சரியாவுமா டாக்டர்?"

"இவ்ளோ நாளாச்சேம்மா" என்று மட்டும் சொன்னார்.

இனி ஓட்ட வேண்டாம் என்று வீட்டில் அவரிடம் சொன்னேன். "சரி" என்றார். ஆனால் அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு, ஒற்றைக் கையால் காக்கிக் கால்சட்டையைப் பாதி மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். திரும்பக் கூட்டிப் போய்ப் படுக்கவைத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் நின்றார். ஆறு ஞாயிறு அப்படி நின்றார். ஏழாவது ஞாயிறு நான் தாங்காமல் அவரை வலது பக்க சீட்டில் உட்காரவைத்து, எப்போதோ லைசென்ஸ் எடுத்துவைத்திருந்த தைரியத்தில் நானே ஓட்டினேன். அடி அண்ணாமலை வரை போய்வரலாம் என்று எண்ணம். போளூர் ரோடு தாண்டுவதற்குள் மூன்று முறை கியர் பல்லைக் கடித்தது. முன்பெல்லாம் யாராவது அப்படிக் கியர் போட்டால் தன் எலும்பு முறிந்த மாதிரி துடிப்பார். அன்று முகத்தில் ஒன்றும் இல்லை. தொங்கிய வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். பாதி வழியில் திருப்பி ஓட்டிவந்தேன். எட்டாவது ஞாயிறு அவர் எழுந்து வரவில்லை.

ஓடாமல் நின்றால் எஞ்சின் கெட்டுவிடும் என்று பாய் சொன்னதால் சில மாதம் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்தேன். அந்தச் சத்தம் கேட்டால் அவர் உள்ளே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வது தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். வக்கீல் நண்பர் வண்டியைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். எடுக்க வந்த அன்று வக்கீல் இவர் கட்டிலருகில் உட்கார்ந்து, "வண்டிய நல்லா பாத்துக்கறேன் அண்ணே, எப்ப வேணா வந்து பாருங்க" என்றார். வாசலுக்கு வந்து என்னிடம் மெதுவாக, "இந்தப் பிரேக் மிதி, ஸ்டீரிங் பிடியெல்லாம் எடுத்துடறேன் அண்ணி. பழையபடி ஆக்கிடறேன்" என்றார். நல்லது என்றேன்.

போன மாதம் ஜவ்வாது மலையிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். புதுப் பச்சைப் பெயின்ட். ஓடைத் தண்ணீரைப் பிளந்துகொண்டு வண்டி ஏறுகிறது, யாரோ விசில் அடிக்கிறார்கள். நான் கட்டிலின் இடது பக்கம் போய் உட்கார்ந்து போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். கடைசிவரை பார்த்தார்.

"நம்ம வண்டிங்க. தெரியுதா?" என்றேன்.

"சரி" என்றார்.

தெரிகிறது என்றாரா, போதும் நிறுத்து என்றாரா, நீதானே கொடுத்தாய் என்றாரா, எனக்கு விளங்கவில்லை. இன்னொரு முறை போட்டுக் காட்டினேன். பாதியிலேயே அவர் கண்ணை மூடிக்கொண்டார்.