கூரைக்கு மேல் மூச்சுவிட்ட ஜீப்

சில வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி அடைமழையில், அரியலூருக்குப் போகும் வழியில் எங்கள் ஊர் ஓடையின் தரைப்பாலத்தில் நடந்தது இது.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும், தண்ணீரும் அளந்துதான் குடிக்க வேண்டும். காலையில் கிளம்புவது, அவளை மெஷினில் படுக்க வைத்துவிட்டு வராண்டாவில் உட்கார்ந்திருப்பது, துவண்டு போனவளைக் கூட்டிக்கொண்டு திரும்புவது. வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் அடுத்த முறை வந்துவிடும். அலுத்துப் போயிருந்தோம். ஆனால் ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொண்டதில்லை.

நான் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டியவன். அங்கே கழித்துவிட்ட பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. மேட்டிலும் சேற்றிலும் அசராது. ஆனால் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறினால் இஞ்சின் காற்றோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு நின்றுவிடும். முந்தைய மழையில் அப்படி ஒருமுறை நின்று, டிராக்டர் வைத்து இழுத்தார்கள்.

அரியலூரிலேயே என் மனைவியின் தங்கை வீடு இருக்கிறது. மழைக்காலம் முடியும்வரை அங்கேயே தங்கச் சொல்லித் தங்கையும் சகலையும் பலமுறை கூப்பிட்டார்கள். எனக்குத்தான் ஒப்பவில்லை. இன்னொருவர் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட எனக்கு வாய் வராது. சகலை ஆபீஸ் வேலையில் இருப்பவர். அவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பதை நினைத்தாலே கூசும். அதைவிட ஜீப்பைத் திருத்துவது எனக்குச் சுலபமாகத் தெரிந்தது.

பெரம்பலூரில் லாரி வேலை பார்க்கும் ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் ஏர் ஃபில்டரிலிருந்து ஒரு இரும்புக் குழாயை வெளியே எடுத்து, முன் கண்ணாடி ஓரமாகக் கூரைக்கு மேல்வரை ஏற்றினார். இணைப்புகளில் ரப்பர் குழாய் மாட்டி இறுக்கினார். பிறகு இஞ்சினை ஓடவிட்டு, மேலே ஏறிக் குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்தினார். இஞ்சின் திணறி அடங்கியது. வேறெங்கும் ஓட்டை இல்லை, இனி கழுத்தளவுத் தண்ணீரிலும் இது மூச்சு விடும் என்றார். எனக்கு ஏக சந்தோஷம். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் உள்ளே வராதபடி கதவு விளிம்பிலும், கீழ்த் தகட்டுச் சந்துகளிலும் நானே ரப்பரும் பசையும் வைத்து அடைத்தேன். ஊரில் இளவட்டங்கள் வண்டிக்குத் தும்பிக்கை முளைத்துவிட்டது என்று சிரித்தார்கள். ஒருவன் கொழுக்கட்டை படைக்கவா என்றுகூடக் கேட்டான்.

அடுத்த அடைமழையில் பேருந்து நின்றுபோனது. ஜீப்பையும் இறக்க முடியாத அளவு ஓடையில் வெள்ளம் போனதில் ஒரு டயாலிசிஸ் தவறிவிட்டது. அவளுக்கு முகமும் காலும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்தது. பெரம்பலூர் பக்கமாகச் சுற்றிப் போகலாம் என்றால் ஏரி உடைத்துக்கொண்டு அந்தச் சாலையும் போய்விட்டது. அன்றைக்கு எப்படியும் ஆஸ்பத்திரி சேர்ந்தாக வேண்டும்.

காலையில் மழை சற்று விட்டிருந்தது. தரைப்பாலம் இருந்த இடத்தில் செம்மண் நிறத் தண்ணீர் புரண்டு போனது. ஓரத்துத் தடுப்புக் கற்களின் தலை மட்டும் தெரிந்தது. அக்கரையில் நாலைந்து பேர் வெள்ளம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜீப்பில் என் பக்கத்து இருக்கையில் அவள் தண்ணீரையே பார்த்தாள்.

"வண்டி மூச்சு வுடறதுக்குக் குழா வச்சீங்க. என் தங்கச்சி வூட்ல ஒரு ராத்திரி படுக்கறதுக்கு என்னங்க வக்கிறது?" என்றாள்.

நான் கியரைப் போட்டேன்.

இஞ்சின் அருமையாக ஓடியது. தண்ணீர் பானெட்டின் மேல் அலை அடித்தும் சத்தம் மாறவில்லை. பாதிப் பாலம் தாண்டியபோது ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிவிட்டது. திருப்பினேன், வண்டி கேட்கவில்லை. பின்பக்கம் மெதுவாக இடதுபுறம் நகர்ந்தது. எனக்கு உடனே புரியவில்லை. கிடைத்த இடுக்கையெல்லாம் அடைத்து வைத்திருந்தேன் அல்லவா, ஜீப் படகாகிவிட்டது. சக்கரம் தரையைத் தொடாமல் சும்மா சுற்றியது. இடதுபுறம் தடுப்புக் கற்கள், அதற்குப் பின்னால் ஓடையின் ஆழம்.

அக்கரையில் லுங்கி கட்டிய ஒருவர் குடையைக் கீழே போட்டுவிட்டு எங்களைப் பார்த்துக் கத்தினார். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையையும் சேர்த்து வைத்து, பிறகு அகல விரித்தார். மறுபடி சேர்த்தார், விரித்தார். நான் கும்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"கதவத் தொறக்கச் சொல்றாருங்க" என்றாள் அவள்.

"தொறந்தா தண்ணி உள்ள வந்துரும்டி."

"வரட்டும்."

நான் தடுப்பதற்குள் கைப்பிடியைத் திருகி, டயாலிசிஸுக்கு ஊசி குத்துகிற இடது கையாலேயே கதவைத் தள்ளினாள். அவள் சாய்ந்த வேகத்தில் வெளியே போயிருப்பாள். எட்டி அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் தடதடவென்று உள்ளே இறங்கியது. முழங்கால், பிறகு இருக்கை. வண்டி கனத்து, ஒரு குலுக்கலோடு கீழே உட்கார்ந்தது. பின்சக்கரம் எதிலோ இடித்து நின்றது. தடுப்புக் கல்லாகத்தான் இருக்கும். ஸ்டியரிங்கில் பிடிமானம் வந்தது. இஞ்சின் மட்டும் கூரைக்கு மேலே மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியபடியே இருந்தது. கிளட்சை மெல்ல விட்டேன். சக்கரங்கள் பாலத்தைக் கவ்வின.

இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள்: "எனக்குத் தண்ணி குடிக்கத்தான் கூடாதுன்னாங்க. குளிக்கக் கூடாதுன்னு சொல்லலியே."

அக்கரை ஏறி வண்டியை நிறுத்தினேன். அந்த மனிதர் ஓடிவந்து அவளைத் தாங்கி இறக்கினார். "மூச்சு வுட்டா மட்டும் பத்தாதுண்ணே, கால் தரையில இருக்கணும்ல" என்று சொல்லிவிட்டு, தான் லாரியோடு ஒருமுறை இப்படி மிதந்ததைச் சொன்னார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினார். பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள் ஒரு சேலை கொடுத்தாள். என் மனைவியை மெஷினில் மாட்டினார்கள். நான் வராண்டாவில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவோ நாள் அலுத்துக்கொண்டு உட்கார்ந்த அதே பெஞ்சு. மதியம் சகலை வந்தார். யார் போன் செய்தார்களோ தெரியவில்லை. கையில் மடித்து வைத்திருந்த வேட்டியையும் சட்டையையும் நீட்டினார். அவர் சட்டை எனக்குத் தொளதொளவென்று இருந்தது. சாயங்காலம் அவர் பின்னாலேயே அவர் வீட்டுக்குப் போனோம்.

இன்றும் வாரத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரி போய்க்கொண்டுதான் இருக்கிறோம். மழை மேகம் கட்டினால் முந்தின நாளே பையை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விடுகிறோம். சாப்பிட உட்காரும்போது எனக்கு இப்போதும் கூசுகிறது, இன்னொரு கரண்டி சோறு வேண்டுமென்று கேட்க வாய் வருவதில்லை. ஆனால் கூசிக்கொண்டே ஒரு மனிதன் சாப்பிட்டுவிடலாம், தூங்கிவிடலாம், காலையில் மனைவியை உயிரோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்பது இந்த வயதிலாவது எனக்குத் தெரிந்ததே என்று நினைத்துக்கொள்வேன்.